இரண்டு ஓமில் எத்தனை வாட்ஸ்?

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மைக்செட் கட்டப் போனபோது எனக்குப் பதினைந்து வயது. தென்னை மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவது என் வேலை. கீழே பந்தல் ஓரத்தில் முதலாளியின் மேசை. அதன் மேல் 40 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் ஒன்று. அந்த 40 வாட்ஸுக்கு ஊர் முழுக்கப் பாட்டுக் கேட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடவு நடுகிற பெண்கள், பாட்டை மாற்றச் சொல்லிச் சின்னப் பையன் ஒருவனை அனுப்புவார்கள்.

இன்று அறுபதை நெருங்கிவிட்டேன். சென்னையில் 12-க்கு 15 அடி ஹால் ஒன்றில், ஒரு ஜோடி ஸ்பீக்கரைப் பாட வைக்க முடியாமல் 300 வாட்ஸ் ஆம்ப் சூடேறி நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். ஊருக்கு 40 போதும், ஹாலுக்கு 300 போதாது. இந்தக் கணக்கு எனக்கு விளங்கப் பதினைந்து வருஷம் ஆனது. அதற்குள் ஒரு நல்ல மனிதரின் ஸ்பீக்கரையும் கெடுத்துவிட்டேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் ஆம்ப் தேர்ந்தெடுப்பதைப் பற்றி நான் சொல்வதில் பொருள் இருக்கும்.

முதலில் குழாயின் ரகசியம். ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வருகிறது என்பதைத்தான் சென்சிட்டிவிட்டி என்கிறோம். மைக்செட் குழாய் 105 டெசிபெல்லைச் சுலபமாகத் தொடும். வீட்டில் வைக்கிற உயர்தர ஸ்பீக்கர்களில் பல 84, 85 டெசிபெல்லில் நிற்கும். 10 டெசிபெல் கூட வேண்டுமென்றால் வாட்ஸ் 10 மடங்கு. 20 டெசிபெல்லுக்கு 100 மடங்கு. குழாய் 1 வாட்டில் போடுகிற சத்தத்தை 85 டெசிபெல் ஸ்பீக்கரிடமிருந்து வாங்க 100 வாட்ஸ் செலவழிக்க வேண்டும். ஏன் அப்படிப்பட்ட ஸ்பீக்கரைச் செய்கிறார்கள் என்று கேட்கலாம். குழாயில் மிருதங்கத்தின் வலந்தலை மட்டும்தான் கேட்கும்; தாழ்ந்த சுருதியில் முழங்கும் தொப்பி கேட்காது. ஒரு ஹாலுக்குள் அடங்குகிற பெட்டியில் தொப்பியின் அடி ஆழம் வரை வேண்டுமென்றால், சென்சிட்டிவிட்டியை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். பெட்டி சிறியது, பாஸ் ஆழமானது, சென்சிட்டிவிட்டி அதிகம் என்று மூன்றும் ஒரே ஸ்பீக்கரில் அமையாது.

1988-இல் சென்னைக்கு வந்து ரிச்சி தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். டேப்ரிக்கார்டர், டெக், கார் ஸ்டீரியோ என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்தேன். தொண்ணூறுகளில் பெட்டி மேல் ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று அச்சடித்து வந்த செட்டுகள் ஞாபகம் இருக்கும். உள்ளே திறந்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிற டிரான்ஸ்பார்மர் இருக்கும், ஐ.சி. ஒன்று பத்து, பதினைந்து வாட்ஸ் கொடுக்கும். அமெரிக்காவில் இதே மாதிரி விளம்பரப் போட்டி முற்றிப்போய், 1974-இல் அங்கே வணிக ஆணையம் விதி கொண்டுவந்தது. சொல்கிற வாட்ஸைத் தொடர்ந்து கொடுத்துக் காட்ட வேண்டும். அளப்பதற்கு முன்னால் ஆம்பை அதன் திறனில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓட விட்டிருக்க வேண்டும் என்றது அன்றைய விதி. ஏன் மூன்றில் ஒரு பங்கு என்றால், சாதாரண ஆம்ப் அங்கேதான் கடுமையாகச் சுடும். விதி செய்தவர்களுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

நான் அந்த அளவுக்கு யோக்கியமாகத்தான் ஆம்ப் செய்துகொண்டிருந்தேன். 1000 வாட்ஸ் ஹீட்டர் காயில் வாங்கி வருவேன். அது முழுசாக 53 ஓம் இருக்கும். மீட்டர் வைத்து 8 ஓமுக்கு அளந்து வெட்டி, தண்ணீர் வாளிக்குள் போட்டு, அதைச் சுமையாகக் கட்டி ஆம்பைச் சோதிப்பேன். 8 ஓமில் 150 வாட்ஸ் என்று நான் சொன்னால் 150 வாட்ஸ் இருக்கும். ஒரு வாட் குறையாது. அதற்கு மேல் சோதிக்க ஒன்றுமில்லை என்றுதான் நம்பியிருந்தேன்.

1996-இல் அமெரிக்காவில் இருபது வருஷம் இருந்துவிட்டு அடையாறுக்குத் திரும்பிய இதய மருத்துவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஸ்பீக்கர்களைக் கப்பலில் கொண்டுவந்துவிட்டார். அங்கே வைத்திருந்த ஆம்ப் 110 வோல்ட்டுக்கானது என்பதால் விற்றுவிட்டு வந்திருந்தார். ஸ்பீக்கரைப் போய்ப் பார்த்தேன். ஆள் உயரம், ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய வூஃபர்கள். பின்னால் 4 ஓம் என்று ஒட்டியிருந்தது.

“தாராளமா இருக்கட்டும். சத்தத்துக்காகச் சொல்லலை. மிருதங்கம் தனியாவர்த்தனம் போட்டா திணறக்கூடாது, அவ்வளவுதான்” என்றார்.

“150 வாட்ஸ் பண்ணிடலாம் சார். இந்த ஹாலுக்கு ஜாஸ்தி.”

செய்து கொடுத்தேன். ஒரு சேனலுக்கு இரண்டு ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டர், எம்.ஜே. 15003, 15004. ஒவ்வொன்றும் 20 ஆம்பியர் தாங்கும் என்று புத்தகம் சொல்கிற சாமான். பிளஸ் 55, மைனஸ் 55 வோல்ட் சப்ளை. கொண்டுபோய் வைத்த அன்று நன்றாகவே பாடியது. ஒன்பதாவது நாள் இரவு போன் வந்தது. போனபோது ஹால் முழுக்க வார்னிஷ் கருகின வாசனை. தனியாவர்த்தனம் போய்க்கொண்டிருந்தபோது இடது சேனல் டிரான்சிஸ்டர்கள் ஷார்ட் ஆகியிருந்தன. 55 வோல்ட் டி.சி. நேராக வூஃபருக்குப் போயிருக்கிறது. அதைத் தடுக்க நான் வைத்திருந்த ரிலே விடுபட முயன்று, டி.சி.யின் பொறியில் தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டது. ஃபியூஸ் போவதற்குள் வாய்ஸ் காயில் கறுத்துவிட்டது. மாற்று வூஃபர் அமெரிக்காவிலிருந்து வந்து சேர நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் அந்த ஹாலில் பாட்டு இல்லை.

அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. எப்படிச் சோதித்தேன் என்று மட்டும் கேட்டார். வாளி, ஹீட்டர் காயில், 8 ஓம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: “படுக்க வச்சு எடுக்கற இ.சி.ஜி. ஒண்ணு. ஓட விட்டு எடுக்கறது ஒண்ணு. நீங்க படுக்க வச்சே எடுத்துட்டு அனுப்பிட்டீங்க.”

பிறகு உள்ளே போய் ‘ஸ்டீரியோஃபைல்’ என்கிற அமெரிக்க இதழின் பழைய பிரதிகளை ஒரு கட்டாக எடுத்து வந்து கொடுத்தார். அதில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் மதிப்புரைக்குப் பின்னாலும் ஒரு வரைபடம் இருக்கும். முழுக் கோடு, விட்டு விட்டு வரும் கோடு என்று இரண்டு. முழுக் கோடு, எந்தச் சுருதியில் ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று காட்டுவது. எட்டு வருஷம் ரிச்சி தெருவில் வேலை பார்த்த எனக்கு அது மலையும் மடுவுமாகத் தெரிந்தது. 4 ஓம் என்று ஒட்டியிருக்கிற ஸ்பீக்கர் ஓரிடத்தில் 20 ஓம் ஏறும். இன்னோரிடத்தில் 2 ஓமுக்குக் கீழே இறங்கும். பின்னால் ஒட்டியிருப்பது வெறும் பெயரளவு.

அவருடைய ஸ்பீக்கரை நானே அளந்தேன். சின்ன ஆம்ப் ஒன்றிலிருந்து 10 வோல்ட் எடுத்து, 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டு ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் ஓடுவது ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர். ஸ்பீக்கர் முனையில் 80 மில்லிவோல்ட் காட்டினால் 8 ஓம். 20 காட்டினால் 2 ஓம். சிக்னல் ஜெனரேட்டரை 20 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே குறித்துக்கொண்டு போனேன். 70 ஹெர்ட்ஸ் அருகில் முள் 18-க்கு வந்து நின்றது. 1.8 ஓம். தொப்பி முழங்குகிற இடமும் ஏறக்குறைய அதுதான்.

கணக்கு உடனே விளங்கியது. 150 வாட்ஸுக்கு என் ஆம்ப் 49 வோல்ட் உச்சம் கொடுக்கும். 8 ஓமில் அது 6 ஆம்பியர். 1.8 ஓமில் 27 ஆம்பியர். அவ்வளவு கரண்டை அந்த டிரான்ஸ்பார்மரும் கொடுக்காது, அந்த இரண்டு ஜோடியும் தாங்காது.

அந்த விட்டு விட்டு வரும் கோடு விளங்கத்தான் நாள் பிடித்தது. அது ஃபேஸ். ஸ்பீக்கரில் காயில் இருக்கிறது, கிராஸ்ஓவரில் கண்டென்சர் இருக்கிறது. அதனால் வோல்ட்டேஜ் ஏறும்போது கரண்ட் கூடவே ஏறாது. முன்னால் போகும், அல்லது பின்தங்கும். ஊஞ்சல் ஆட்டுகிறவர்களுக்கு இது புரியும். ஊஞ்சல் விலகிப் போகும்போது தள்ளினால் கை நோகாது. எதிரே வருகிற ஊஞ்சலை மறித்துத் தள்ளினால் அத்தனை பாரமும் தோளில் இறங்கும். டிரான்சிஸ்டருக்கும் அதே நிலைதான். சாதாரண ரெசிஸ்டர் சுமையில், கரண்ட் அதிகமாக ஓடும் நேரத்தில் டிரான்சிஸ்டரின் குறுக்கே வோல்ட்டேஜ் குறைவாக இருக்கும். ஃபேஸ் 45 டிகிரி விலகினால், அதிகக் கரண்டும் அதிக வோல்ட்டேஜும் ஒரே நேரத்தில் அதன் மேல் விழும். முழு வீச்சில் உச்சச் சூடு ரெசிஸ்டர் சுமையில் வருவதைப்போல் 2.8 மடங்கு. 4 ஓம் ஸ்பீக்கர், 45 டிகிரி என்றால் டிரான்சிஸ்டரைப் பொறுத்தவரை அது ஒன்றரை ஓமுக்கும் குறைந்த சுமை. வாளித் தண்ணீரில் கிடந்த ஹீட்டர் காயிலுக்கு ஃபேஸ் விலகல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

பின்லாந்து விஞ்ஞானி மட்டி ஒட்டாலா இதையே வேறு பக்கமிருந்து ஆராய்ந்தார் என்று பின்னால் படித்தேன். 1987-இல் ஒரு சகாவுடன் வெளியிட்ட கட்டுரையில், கடையில் விற்கிற ஸ்பீக்கர்கள் சில, இசை அமையும் விதத்தைப் பொறுத்து, 8 ஓம் ரெசிஸ்டர் இழுப்பதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் உச்சக் கரண்ட் இழுக்கும் என்று காட்டியிருந்தார். அந்தக் கட்டுரையை ஐந்து வருஷம் முன்னால் படித்திருந்தால் அந்த வூஃபர் பிழைத்திருக்கும்.

மருத்துவருக்கு இரண்டாவது ஆம்ப் செய்ய ஆரம்பித்தேன். முதலில் போனது டிரான்ஸ்பார்மர் வைண்டிங் போடுகிற பெரியவரிடம். சிந்தாதிரிப்பேட்டையில் சின்ன அறை, கையால் சுற்றுகிற மெஷின். அவர் வாட்ஸைப் பற்றிப் பேசவே மாட்டார்.

“முப்பது வோல்ட்டு, நடுவுல டேப்பு, முப்பது வோல்ட்டு. சரி. ஆம்பியர் எவ்ளோ தம்பி?”

“சாதாரணமா ரெண்டு, மூணு. ஆனா ஒரு நொடிக்குப் பதினேழு கேக்கும் ஐயா.”

“ஒரு நொடிக்குக் கேட்டாலும் கேட்டதுதான். தடியான கம்பியா போட்டுடறேன்.”

சேனலுக்கு ஒன்றாக இரண்டு டிரான்ஸ்பார்மர். இரண்டு ஜோடிக்குப் பதில் ஐந்து ஜோடி டிரான்சிஸ்டர். கண்டென்சர் இரு மடங்கு. ஹீட் சிங்க் மட்டும் பதினொரு கிலோ. சப்ளை வோல்ட்டேஜை 55-இலிருந்து 40-க்குக் குறைத்துவிட்டேன். ரிலேயை மாற்றி, டி.சி.யைத் துண்டிக்க வல்லதாகப் போட்டேன். வாளியில் இந்த முறை 8 ஓம் துண்டுகள் நாலைச் சேர்த்துக் கட்டி 2 ஓம் ஆக்கினேன். அளந்தபோது 8 ஓமில் 80 வாட்ஸ், 4 ஓமில் 155, 2 ஓமில் 285. பழைய ஆம்ப் 8 ஓமில் 150 கொடுத்தது. 4 ஓமில் 230. 2 ஓமில் சில நொடி 240 காட்டிவிட்டு ஃபியூஸை விட்டது.

மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “150-லேர்ந்து 80-க்கு இறக்கிட்டீங்களே?”

“8 ஓமுல குறைச்சல் சார். உங்க ஸ்பீக்கர் 8 ஓமுல இல்லையே.”

150-க்கும் 80-க்கும் காதில் தெரிகிற வித்தியாசம் 3 டெசிபெல்கூட இல்லை. அன்று சாயங்காலம் அதே தனியாவர்த்தனத்தைப் போட்டார். தொப்பியில் விழுந்த ஒவ்வொரு அடியும் தனித்தனியாக நின்றது. ஒரு அடி முடிந்த இடமும் அடுத்தது தொடங்கிய இடமும் தெரிந்தது. பழைய ஆம்பில் அந்த இடம் குழைந்து ஒரே முழக்கமாக இருந்ததை, இதைக் கேட்ட பிறகுதான் உணர்ந்தேன். ஆம்ப் உடைவதற்கு ஒன்பது நாள் முன்பிருந்தே தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

உலகத்தில் இதை எனக்கு முன்பே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1977-இல் வந்த மார்க் லெவின்சன் எம்.எல்.-2, 8 ஓமில் வெறும் 25 வாட்ஸ். 4 ஓமில் 50, 2 ஓமில் 100. ஒரு சேனலுக்கு ஒரு பெட்டி, அதைத் தூக்க இருவர் வேண்டும். தாளில் 25 என்று பார்த்துச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். எண்பதுகளில் அமெரிக்காவில் அபோஜி நிறுவனம் சின்டில்லா என்று ஒரு ரிப்பன் ஸ்பீக்கர் செய்தது. அதன் சுமை 1 ஓம். அக்காலத்து ஆம்ப்களில் பெரும்பாலானவற்றுக்கு அது ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். டேன் டி’அகஸ்டினோ 1980-இல் தொடங்கிய கிரெல் நிறுவனத்தின் ஆம்ப்கள் அதைப் பாட வைத்துப் பெயர் வாங்கின. 50 வாட்ஸ் என்று சொன்ன கிரெல், ஓம் பாதியாகும்போதெல்லாம் ஏறக்குறைய இரட்டித்தது. நான் முதலில் பார்ப்பது அந்த இரட்டிப்பைத்தான். 8 ஓமில் 200, 4 ஓமில் 260 என்று ஒரு தாள் சொன்னால், அதன் டிரான்ஸ்பார்மர் அங்கேயே களைத்துவிட்டது என்று அர்த்தம். 8 ஓமில் 100, 4 ஓமில் 190, 2 ஓமில் 340 என்று இன்னொரு தாள் சொன்னால் இரண்டாவதை வாங்கச் சொல்வேன். 2 ஓம் எண்ணே தாளில் இல்லை என்றால் கேட்டு வாங்க வேண்டும். சொல்ல மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

எல்லா ஸ்பீக்கருக்கும் இந்தப் பூதம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பி.பி.சி. எழுபதுகளில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ என்கிற சின்னப் பெட்டி வெறும் 82, 83 டெசிபெல்தான். ஆனால் அது 15 ஓம். வாட்ஸ் சற்று வேண்டுமே தவிரக் கரண்டுக்காக ஆம்பை வதைக்காது. நல்ல 50 வாட்ஸ் ஆம்ப் அதற்குச் சொர்க்கம். மேக்னபேன் தட்டி ஸ்பீக்கர் இன்னொரு வகை. சென்சிட்டிவிட்டி குறைவு, 4 ஓம் அளவிலேயே நிற்கும், ஃபேஸ் பெரிதாக விலகாது. பசி அதிகம், குணம் நேரானது. 4 ஓமில் நிறைய வாட்ஸ் கொடுக்கிற எந்த ஆம்பும் போதும். வாட்ஸ் பசி ஒரு கஷ்டம், ஓம் இறக்கம் வேறு கஷ்டம், ஃபேஸ் இன்னொரு கஷ்டம். மூன்றையும் கலந்து ‘இது கஷ்டமான ஸ்பீக்கர்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதுதான் தப்பான ஆம்ப் வாங்க வைக்கிறது.

பெரிய ஆம்பே கெடுதலாகிற ஸ்பீக்கரும் உண்டு. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் செய்து 1957-இல் விற்பனைக்கு வந்த குவாட் எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கரைப் பெங்களூரில் ஒரு வீட்டில் கேட்டிருக்கிறேன். அதில் கேட்ட தம்பூரா இன்னும் காதில் இருக்கிறது. அதற்கென்று அவர்கள் செய்த வால்வு ஆம்ப் 15 வாட்ஸ். அளவுக்கு மீறி வோல்ட்டேஜ் கொடுத்தால் உள்ளே மின்பொறி பறந்து படலம் ஓட்டையாகிவிடும். மேல் சுருதியில் அதன் ஓமும் 2-க்கு அருகில் இறங்கும். வாட்ஸ் கொஞ்சம், அடக்கம் நிறைய வேண்டிய ஸ்பீக்கர் அது.

எத்தனை வாட்ஸ் என்ற கேள்விக்கு நான் போடுகிற கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நிம்மதியாகக் கேட்கிற சராசரிச் சத்தம் 75, 80 டெசிபெல். 85 டெசிபெல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, பத்தடி தள்ளி நாற்காலி என்றால் அதற்கு ஒரு வாட்டே போதும். ஆனால் கர்நாடக சங்கீதப் பதிவில், ஒலியை அமுக்காமல் எடுத்திருந்தால், மிருதங்க அடியின் உச்சம் சராசரிக்கு மேல் 20 டெசிபெல் எழும்பும். 20 டெசிபெல் என்றால் 100 மடங்கு. ஒரு வாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஆம்ப், கண் சிமிட்டும் நேரத்துக்கு 100 வாட்ஸ் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஸ்பீக்கர் 2 ஓமுக்கு இறங்கியிருந்தால் கேள்வி வாட்ஸிலிருந்து ஆம்பியருக்குப் போய்விடுகிறது. இப்போதைய சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலும் ஒலியை அமுக்கிச் சமமாக்கி விடுகிறார்கள். அதை மட்டுமே கேட்பவருக்கு இவ்வளவு இருப்பு தேவையில்லை. அதனால் எந்த இசை கேட்பீர்கள் என்று கேட்காமல் நான் ஆம்ப் சொல்வதில்லை.

சின்ன ஆம்ப் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. தீபாவளிக்குத் தீபாவளி ட்வீட்டர் மாற்ற வருகிற ஒரு குடும்பம் இருந்தது. ஆம்ப் 30 வாட்ஸ்தான், ஸ்பீக்கர் 100 வாட்ஸ் தாங்கும், எப்படி எரிகிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. 30 வாட்ஸைத் தாண்டித் திருகினால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் மேல் சுருதிச் சக்தி பெருகி ட்வீட்டருக்குப் போகும். அதோடு பாட்டின் சராசரிச் சக்தியும் ஏறும். 100 வாட்ஸ் ஆம்ப் போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் ட்வீட்டருக்காக வரவில்லை.

நம் ஊருக்கென்று சில கஷ்டங்கள் உண்டு. ஒன்று, கரண்ட். கோடையில் 230 வோல்ட் 190-க்கு இறங்கினால், ஸ்டெபிலைஸ்டு சப்ளை இல்லாத ஆம்பின் திறன் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். 200 வாட்ஸ் ஆம்ப் 136 ஆகிவிடும். அதைச் சரிக்கட்டச் சின்ன ஸ்டெபிலைஸரைக் குறுக்கே போட்டால், ஆம்ப் உச்சத்தில் இழுக்கிற நேரத்தில் அதுவே கழுத்தைப் பிடிக்கும். போட்டால் ஆம்பின் டிரான்ஸ்பார்மரைப்போல் இரு மடங்கு கே.வி.ஏ. உள்ளதைப் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். மெயின் போர்டிலிருந்து தனியாக நாலு ஸ்கொயர் ஒயர் ஒன்று இழுத்து, எர்த்தைச் சரிபார்ப்பது அதைவிட மேல். ஸ்பீக்கர் ஒயரும் அப்படித்தான். 1 ஸ்கொயர் ஒயர் போகவும் வரவுமாகப் பத்து மீட்டர் ஓடினால் 0.17 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பெரிதில்லை. 2 ஓமில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஒயரே தின்றுவிடும். 4 ஸ்கொயர் செம்பு போதும். யானை விலை சொல்கிற கேபிள்களுக்குப் போகிற காசை டிரான்ஸ்பார்மரில் போடலாம்.

இன்னொன்று போலி டிரான்சிஸ்டர். ஜப்பான் பெயர் அச்சடித்த சி 5200, ஏ 1943 எங்கும் கிடைக்கும். வெளியே பார்த்தால் அசல் போலவே இருக்கும். சந்தேகம் வந்தால் ஒன்றைத் தியாகம் செய்து பிளையரால் உடைத்துப் பார்ப்பேன். அசலின் உள்ளே சிலிக்கன் சில்லு தாராளமாகப் பரந்திருக்கும். போலியில் அது அரிசிக் குருணை அளவு. 8 ஓமில் இரண்டும் ஒன்றுபோலத்தான் பாடும். 2 ஓமில் போலி முதல் தொப்பி அடிக்கே போய்விடும். விலை கூட இருந்தாலும் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் மட்டுமே வாங்குகிறேன். பழுதுபார்க்க ஆம்ப் கொடுப்பவர்கள், என்ன டிரான்சிஸ்டர் போட்டீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளாஸ் ஏ ஆம்ப் பாடாமல் சும்மா இருக்கும்போதே முழுச் சூட்டையும் கொட்டும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இழுக்கிற கரண்டில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போக வழியில்லை. மே மாதச் சென்னையில் ஏ.சி. இல்லாத அறையில் அதை வைக்க நான் யாருக்கும் சொன்னதில்லை. கிளாஸ் டி ஆம்ப்களை நெடுங்காலம் நான் ஏற்கவில்லை. ஆரம்பத்தில் வந்தவை ஸ்பீக்கரின் ஓமுக்கு ஏற்றபடி மேல் சுருதியில் நிறம் மாறின. பெல்ஜியப் பொறியாளர் புரூனோ புட்ஸெய்ஸ் வடிவமைப்பில் நெதர்லாந்தின் ஹைபெக்ஸ் செய்த மாட்யூல்களை மேசையில் வைத்து அளந்த பிறகு கருத்தை மாற்றிக்கொண்டேன். ஸ்பீக்கர் எதுவானாலும் அவை ஒரே மாதிரி நின்றன, கை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும். அவற்றிலும் வாட்ஸ் வரியைத் தாண்டி, கரண்ட் எத்தனை ஆம்பியரில் தடுக்கப்படும் என்கிற வரியைப் படியுங்கள். தடுப்புக்கு மேல் ஒரு ஆம்பியர்கூட வராது. அந்த வரி உங்கள் ஸ்பீக்கருக்குப் போதுமென்றால், நம் வெயிலுக்கு அதுவே என் முதல் தேர்வு.

மருத்துவர் காலமாகிவிட்டார். ஸ்பீக்கரும் அந்த 80 வாட்ஸ் ஆம்பும் இப்போது அவர் மகளிடம் இருக்கின்றன. கண்டென்சர்களை ஒருமுறை மாற்றினேன். டிரான்சிஸ்டர்கள் நான் 1996-இல் போட்டவைதான்.

அந்த வருஷத்திலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். என் மேசைக்கு வருகிற ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அளந்து, ஓம் அதிகபட்சம் எவ்வளவு இறங்குகிறது, எத்தனை ஹெர்ட்ஸில், ஃபேஸ் எவ்வளவு என்று மூன்று எண்களைச் சின்னச் சீட்டில் எழுதி, டெர்மினல் பலகையின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன். பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் பின்பலகையின் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். சீட்டு இருந்தால் அதைப் படித்துவிட்டு ஆம்ப் வாங்கப் போங்கள். இல்லாவிட்டால் அளந்து எழுதி நீங்களே ஒன்று ஒட்டுங்கள். உங்களுக்குப் பின்னால் அதை வாங்குகிறவருக்கு உதவும்.